டெபியன் 11-ஐ அழித்து 12 நிறுவும்போது பேக்கேஜ்கள் எங்கே தொலைகின்றன?

ஒரு சிறிய அலுவலகத்தில் சில ஆண்டுகளாக ஓடும் டெபியன் 11 (லினக்ஸ் இயங்குதளம் ஒன்றின் 11-ஆம் வெளியீடு) கணினியை எடுத்துக்கொள்வோம். பழைய பயாஸ் முறையில் பூட் ஆகிறது. எல்லாமே ஒரே பார்ட்டிஷனில் இருக்கின்றன. அப்பாச்சி வலைச்சேவையகம், பிஎச்பி 7.4 நிரல்மொழி, போஸ்ட்கிரெஸ் 13 தரவுத்தளம் மூன்றும் சேர்ந்து உள்ளக வலைச்செயலி ஒன்றை நடத்துகின்றன. ஒரு பழைய விண்டோஸ் நிரலுக்காக 32-பிட் வைன் போடப்பட்டிருக்கிறது. டெபியனைச் சேராத வெளியார் பேக்கேஜ் களஞ்சியம் ஒன்று, பைத்தான் மெய்நிகர் சூழல்கள் (ஒவ்வொரு நிரலுக்குமான தனி நூலக அடைவுகள்) சில, ஃபிளாட்பேக் என்ற தனி முறையில் நிறுவிய செயலிகள் இரண்டு மூன்று. இப்போது புதிய வட்டு போட்டு, யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறைக்கு மாற்றி, டெபியன் 12 நிறுவ வேண்டும். பழையபடி எல்லாப் பேக்கேஜ்களும் (நிறுவும் மென்பொருள் பொதிகள்) வேண்டும். பல இடங்களில் அப்படியே காணக்கிடைக்கும் அமைப்பு என்பதால் இதையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டோம்.

(கட்டளைகளையும் கோப்புப் பாதைகளையும் ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் இட வேண்டும்.)

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அழித்து நிறுவக் காரணம் இல்லையென்றால் அழிக்காதீர்கள். 11-இலிருந்து 12-க்கு இருந்த இடத்திலேயே மேம்படுத்துவது டெபியன் ஆதரிக்கும் பாதை. 2021 ஆகஸ்டில் வந்த 11-க்கும் 2023 ஜூனில் வந்த 12-க்கும் இடையே என்னென்ன மாறியது என்பது வெளியீட்டுக் குறிப்பில் வரிவரியாக இருக்கிறது. பேக்கேஜ்களின் தகவல்தளம் அப்படியே நீடிப்பதால் எதையும் பட்டியலிட்டுத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. பார்ட்டிஷன் அமைப்பையோ கோப்பு முறைமையையோ மாற்றுவது, வட்டு பழுதாவது, 32-பிட் அமைப்பிலிருந்து 64-பிட்டுக்குப் போவது, நடுவில் ஒரு வெளியீட்டைத் தாண்டிக் குதிக்க வேண்டியிருப்பது ஆகியவைதான் அழிப்பதற்குச் சரியான காரணங்கள். நம் கணினியில் முதல் காரணம் இருக்கிறது.

எல்லோரும் முதலில் செய்வது

டெபியனில் பேக்கேஜை நிறுவும் அடிப்படைக் கருவி டிபிகேஜி; களஞ்சியத்திலிருந்து பேக்கேஜ்களைத் தேடிக் கொண்டுவந்து அதனிடம் கொடுப்பது ஆப்ட். பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்வது இது. பழைய கணினியில் 'டிபிகேஜி --கெட்-செலக்‌ஷன்ஸ்' கட்டளையின் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமி. புதிய கணினியில் அதை 'டிபிகேஜி --செட்-செலக்‌ஷன்ஸ்' வழியாக உள்ளே கொடு. பிறகு 'ஆப்ட்-கெட் டிசெலக்ட்-அப்கிரேட்' இயக்கு. மூன்று வரிகளில் முடிந்துவிடும் என்று தோன்றும். நம் கணினியில் இது மூன்று இடங்களில் உடைகிறது.

முதல் உடைப்பு உடனே கண்ணில் படும். புதிய கணினியில் நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு 'தகவல்தளத்தில் இல்லாத பேக்கேஜ்' என்ற எச்சரிக்கை வரும். அந்த வரிகள் புறக்கணிக்கப்படும். ஆப்ட் தன் களஞ்சியப் பட்டியலைத் தனியாக வைத்திருக்கிறது, டிபிகேஜி 'கிடைப்பவை' பட்டியலைத் தனியாக வைத்திருக்கிறது. 'ஆப்ட் அப்டேட்' செய்தால் முதலாவது மட்டுமே நிரம்பும். 'ஆப்ட்-கேஷ் டம்ப்அவெய்ல்' வெளியீட்டை ஒரு கோப்பில் எழுதி, அதை 'டிபிகேஜி --மெர்ஜ்-அவெய்ல்' மூலம் சேர்த்த பிறகுதான் பெயர்கள் ஏற்கப்படும்.

இரண்டாவது உடைப்பு ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாது. பட்டியலில் கேட்டு நிறுவியதும் சார்புக்காக (இன்னொரு பேக்கேஜுக்குத் தேவை என்பதால்) தானாக வந்ததும் ஒன்றாகவே இருக்கின்றன. அதை அப்படியே மீட்டால், நூலகங்கள் உட்பட எல்லாமே 'பயனர் கேட்டது' என்று பதிவாகிவிடும். அதன்பின், தேவையற்றவற்றை அகற்றும் 'ஆட்டோரிமூவ்' கட்டளை எதையும் அகற்றாது. அடுத்த மேம்படுத்தலில் யாருக்கும் தேவைப்படாத பழைய நூலகங்கள், புதியவை வரும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும்.

மூன்றாவதுதான் அடிப்படையான கோளாறு. அந்தப் பட்டியலில் உள்ள பெயர்களில் பெரும்பகுதி டெபியன் 11-க்கே உரியவை. 'லிப்எஸ்எஸ்எல்1.1' 12-இல் கிடையாது. அங்கே இருப்பது 'லிப்எஸ்எஸ்எல்3'. 'பிஎச்பி7.4-பிஜிஎஸ்கியூஎல்' இல்லை, 8.2 இருக்கிறது. 'பைத்தான்3.9' இல்லை, 3.11 இருக்கிறது. 5.10 என்ற எண் கொண்ட கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பேக்கேஜ்களும் இல்லை. 13-க்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் மோசம். 32-பிட் அமைப்புகளின் நேர மாறியை 64-பிட்டாக மாற்றிய வேலையில் ஏராளமான நூலகங்களின் பெயருக்குப் பின்னால் 'டி64' ஒட்டிக்கொண்டது. 'லிப்எஸ்எஸ்எல்3' என்பதே அங்கே 'லிப்எஸ்எஸ்எல்3டி64'. நூலகப் பெயர்களை ஒரு வெளியீட்டிலிருந்து இன்னொன்றுக்குச் சுமப்பதில் பயனே இல்லை. அவற்றைத் தேர்ந்தெடுப்பது ஆப்டின் வேலை.

கேட்டதை மட்டும் எடு

ஆகவே நமக்கு வேண்டியது, இந்தக் கணினியில் என்ன கேட்கப்பட்டது என்ற பட்டியல். அதைத் தருவது 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்'. சார்பாகத் தானாக வந்தவற்றை ஆப்ட் '/வார்/லிப்/ஆப்ட்/எக்ஸ்டெண்டட்_ஸ்டேட்ஸ்' என்ற கோப்பில் குறித்து வைக்கிறது; அந்தக் குறி இல்லாதவை கேட்டு நிறுவப்பட்டவை. டெஸ்க்டாப் ஒன்றில் மொத்தப் பேக்கேஜ்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். இந்தப் பட்டியல் பெரும்பாலும் சில நூறுக்குள் அடங்கும். உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் கண்ணால் படித்துவிடலாம். படிக்கத்தான் வேண்டும், ஏனென்றால் இதிலும் களை உண்டு.

நம் கணினியில் முதலில் பிடுங்க வேண்டிய களை 'கிரப்-பிசி' என்ற பூட்லோடர் (கணினியைத் தொடக்கி வைக்கும் நிரல்). பழைய கணினி பயாஸ் முறையில் இருந்ததால் பட்டியலில் அது இருக்கும். புதிய அமைப்பு யுஇஎஃப்ஐ. அங்கே 'கிரப்-இஎஃப்ஐ-ஏஎம்டி64' இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. பழைய பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு நிறுவினால் சரியான பூட்லோடர் பேக்கேஜ் அகற்றப்பட்டுத் தவறானது உட்காரும். எண்ணோடு கூடிய கெர்னல் பெயர்களை எடுத்துவிட்டு 'லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64' என்ற பொதுப் பெயரை மட்டும் விடுங்கள். சிபியு இன்டெலிலிருந்து ஏஎம்டிக்கு மாறினால், அதற்குரிய மைக்ரோகோட் (சிபியுவுக்கான திருத்த நிரல்) பேக்கேஜையும் மாற்றுங்கள். 'லிப்' என்று தொடங்கும் ஒவ்வொரு வரியையும் சந்தேகப்படுங்கள். இவற்றில் சில எப்போதோ ஒரு சிக்கலைத் தீர்க்கக் கையால் நிறுவியவையாக இருக்கும், இப்போது தேவைப்படாது. லிப்ரெஆஃபிஸும் 'லிப்' என்றுதான் தொடங்குகிறது, அதை அழித்துவிடாதீர்கள்.

பதிப்பெண் ஒட்டிய பெயர்களுக்குப் பதில் பொதுப் பெயரை எழுதுங்கள். 'பிஎச்பி7.4-பிஜிஎஸ்கியூஎல்' என்பதை 'பிஎச்பி-பிஜிஎஸ்கியூஎல்' என்றும், 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்-13' என்பதை 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்' என்றும் மாற்றினால் வெளியீட்டுக்கு ஏற்ற பதிப்பை ஆப்டே கொண்டுவரும்.

பட்டியலுக்கு வெளியே இருப்பவை

இங்கேதான் அதிகம் தொலைகிறது. பழைய வட்டை அழிப்பதற்கு முன் இவை வேறொரு வட்டில் இருக்க வேண்டும்.

களஞ்சிய முகவரிகள் '/எட்சி/ஆப்ட்' அடைவில் இருக்கின்றன. வெளியார் களஞ்சியத்தின் சாவி அங்கேயே இருக்கலாம், '/யூஎஸ்ஆர்/ஷேர்/கீரிங்ஸ்' அடைவிலும் இருக்கலாம். இரண்டாவதை மறந்தவர்களுக்குக் கையொப்பப் பிழைதான் கிடைக்கும். நிறுத்தி வைத்த பேக்கேஜ்களை 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' காட்டும், கூடுதல் கட்டமைப்புகளை 'டிபிகேஜி --பிரிண்ட்-ஃபாரின்-ஆர்க்கிடெக்சர்ஸ்' காட்டும். நம் கணினியில் இரண்டாவதன் விடை 'ஐ386', அதாவது 32-பிட் கட்டமைப்பு. வைன் அதை நம்பித்தான் இருக்கிறது.

எந்தக் களஞ்சியத்திலும் இல்லாமல், டெப் கோப்பாக (டெபியன் பேக்கேஜின் கோப்பு வடிவம்) இறக்கி நிறுவியவற்றை 'ஆப்ட் லிஸ்ட்' கட்டளைக்கு '~ஓ' என்ற வடிவத்தை மேற்கோளுக்குள் கொடுத்துப் பார்க்கலாம். பிரிண்டர் இயக்கி போன்றவை இதில் சிக்கும். மூல டெப் கோப்பு தொலைந்திருந்தால் 'டிபிகேஜி-ரீபேக்', நிறுவிய கோப்புகளிலிருந்தே ஒரு டெப் கட்டித் தரும். புதிய வெளியீட்டில் அது ஓடும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் கையில் இருப்பது நல்லது.

'/ஆப்ட்' என்ற மென்பொருள் அடைவும் (பேக்கேஜ் கருவியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இதன் ஆங்கில எழுத்துகள் ஓ, பி, டி), '/யூஎஸ்ஆர்/லோக்கல்' அடைவும் டிபிகேஜியின் கணக்கிலேயே இல்லை. இரண்டையும் முழுதாக நகலெடுங்கள்.

குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் கிரான் கருவிக்கான பயனர்களின் அட்டவணைகளைப் பலர் வீட்டு அடைவில் இருப்பதாக நினைக்கிறார்கள். அவை '/வார்/ஸ்பூல்/கிரான்/கிரான்டேப்ஸ்' அடைவில் இருக்கின்றன. '/ஹோம்' மட்டும் தனிப் பார்ட்டிஷனில் பத்திரமாக இருந்தும் இரவு நேரக் காப்பு வேலை நின்றுபோவதற்கு இதுதான் வழக்கமான காரணம்.

ஃபிளாட்பேக் செயலிகளை 'ஃபிளாட்பேக் லிஸ்ட் --ஆப்' மூலம் குறித்துக்கொள்ளலாம். பைத்தான் சூழல்கள் கொஞ்சம் வேறு கதை. அவை வீட்டு அடைவிலேயே இருப்பதால் பிழைத்துவிடும் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு சூழலும் 3.9 என்ற பாதையோடு கட்டப்பட்டது. 12-இல் அந்தப் பைத்தானே இல்லை, உள்ளே இருக்கும் இணைப்புகள் காற்றில் தொங்கும். அழிப்பதற்கு முன் ஒவ்வொரு சூழலுக்குள்ளும் போய் பைத்தான் நூலகங்களை நிறுவும் பிப் கருவியின் 'பிப் ஃபிரீஸ்' வெளியீட்டைச் சேமியுங்கள், 3.11-இல் சூழலைப் புதிதாகக் கட்டுங்கள். கணினி முழுவதற்குமாக பிப் கொண்டு நிறுவிப் பழகியவர்களை 12 தடுத்துவிடும்; 'வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்' என்ற பிழை வரும். அந்தத் தடை பேக்கேஜ்களைக் காப்பதற்காகவே வைக்கப்பட்டது. உடைக்காமல் தனிச் சூழலோ 'பிப்எக்ஸ்' கருவியோ பயன்படுத்துங்கள்.

'எட்சி'யை முழுதாகத் திருப்பி ஊற்றினால்

அமைப்புக் கோப்புகள் இருக்கும் '/எட்சி' அடைவை முழுக்க நகலெடுத்து வைப்பது சரி. அதைப் புதிய கணினியின் மேல் முழுக்க ஊற்றுவது தவறு. நம் கணினியில் என்ன நடக்கும் என்று பாருங்கள். எந்தப் பார்ட்டிஷனை எங்கே ஏற்றுவது என்று சொல்லும் பழைய 'எஃப்எஸ்டேப்' கோப்பு, பழைய வட்டின் யூயூஐடிகளை (பார்ட்டிஷன்களின் அடையாள எண்கள்) தேடும். அடுத்த பூட் அவசர முனையத்தில் நிற்கும். பழைய 'பாஸ்வேர்ட்' கோப்பு சேவைக் கணக்குகளின் எண்களை மாற்றிவிடும். அப்பாச்சியின் 'மாட்ஸ்-எனேபிள்ட்' அடைவில் 'பிஎச்பி7.4.லோட்' என்ற இணைப்பு வந்து உட்காரும். அது சுட்டும் கூறு இல்லாததால் அப்பாச்சி தொடங்கவே தொடங்காது. நாம் கைவைத்த பிஎச்பி அமைப்புகளோ '/எட்சி/பிஎச்பி/7.4' அடைவில் யாரும் படிக்காமல் கிடக்கும், 8.2 தன் சொந்த அடைவைத்தான் படிக்கும்.

மாற்றிய கோப்புகளை மட்டும் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பழைய கணினியில் 'டெப்சம்ஸ் -சிஇ' இயக்கினால், பேக்கேஜோடு வந்து பின்னர் திருத்தப்பட்ட அமைப்புக் கோப்புகள் மட்டும் வரிசையாக வரும். இந்தக் கருவிக்குத் தெரியாத இரண்டு வகைகளும் உண்டு. ஒன்று, நாமே உருவாக்கியவை. அப்பாச்சியின் தளக் கோப்புகள் இப்படிப்பட்டவை. மற்றொன்று, 'யூசிஎஃப்' என்ற கருவியின் பொறுப்பில் உள்ளவை, 'பிஎச்பி.ஐஎன்ஐ', 'எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்' இரண்டும் இதில் அடங்கும். இவற்றுக்கு '/வார்/லிப்/யூசிஎஃப்/ஹேஷ்ஃபைல்' கோப்பை 'எம்டி5சம் -சி' கட்டளைக்குக் கொடுத்தால் எவை மூலத்திலிருந்து மாறியிருக்கின்றன என்று தெரிந்துவிடும். பட்டியல் கையில் வந்ததும், ஒவ்வொன்றையும் புதிய கோப்போடு ஒப்பிட்டு, மாற்றங்களை மட்டும் எழுதுங்கள். அப்படியே எடுத்து வைக்கத் தக்கவை எஸ்எஸ்எச்சின் கணினிச் சாவிகள்; அவற்றை விட்டுவிட்டால் இணையும் ஒவ்வொருவருக்கும் 'கணினியின் அடையாளம் மாறிவிட்டது' என்ற எச்சரிக்கை போகும்.

போஸ்ட்கிரெஸ்: பேக்கேஜ் வந்தும் தரவு வராத இடம்

இந்த ஆய்வில் அதிக நேரம் கேட்கும் பகுதி இது. டெபியன் 11-இல் போஸ்ட்கிரெஸ் 13, டெபியன் 12-இல் 15. தரவு '/வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்கியூஎல்/13/மெயின்' அடைவில் இருக்கிறது. 15-இன் சேவையகம் 13-இன் தரவு அடைவைப் படிக்காது. பெரிய பதிப்பு மாறினால் வட்டில் உள்ள வடிவமும் மாறும். அடைவை நகலெடுத்து வைத்துவிட்டோம் என்று நிம்மதியாகப் பழைய வட்டை அழித்தவர்கள், அதைத் திறக்கும் சாவியையும் சேர்த்தே அழித்திருக்கிறார்கள்.

சரியான வழி எளியது. பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே, போஸ்ட்கிரெஸ் பயனராக 'பிஜி_டம்ப்ஆல்' இயக்கி வெளியீட்டைச் சேமியுங்கள். பயனர்கள், கடவுச்சொற்கள், எல்லாத் தரவுத்தளங்களும் ஒரே உரைக்கோப்பில் வந்துவிடும். புதிய கணினியில் 15 நிறுவி, 'பிஎஸ்கியூஎல்' வழியாக அதை உள்ளே கொடுத்தால் போதும். அட்டவணைகளின் சுட்டுகள் (தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ்கள்) புதிதாகக் கட்டப்படுவது கூடுதல் நன்மை. சி நூலகம் 2.31-இலிருந்து 2.36-க்கு மாறுகிறது, எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகள் அந்த நூலகத்திலிருந்துதான் வருகின்றன. விதி மாறி, பழைய சுட்டு அப்படியே இருந்தால் தேடலில் வரிகள் காணாமல் போகலாம். உரைவழி மீட்பில் அந்த ஆபத்து இல்லை.

டம்ப் எடுக்கவில்லை, அடைவு மட்டும் இருக்கிறது என்றால், போஸ்ட்கிரெஸ் திட்டத்தின் சொந்த ஆப்ட் களஞ்சியத்தைச் சேர்த்து 13-ஐ 12-இன் மேல் நிறுவலாம். சேவையை நிறுத்தி, தரவு அடைவையும் அதற்குரிய '/எட்சி/போஸ்ட்கிரெஸ்கியூஎல்/13' அமைப்பையும் இடத்தில் வைத்து, 13 தொடங்குகிறதா என்று பாருங்கள். பிறகு 'பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் 13 மெயின்'. 15 நிறுவும்போதே 'மெயின்' என்ற பெயரில் ஒரு வெற்றுக் கிளஸ்டர் (ஒரு சேவையகத்தின் தரவுத்தளத் தொகுதி) உருவாகியிருக்கும். அது இருக்கும்வரை இந்தக் கட்டளை மறுக்கும். அதை நீக்க 'பிஜி_டிராப்கிளஸ்டர் --ஸ்டாப் 15 மெயின்' வேண்டும். எண்ணை இரண்டு முறை படியுங்கள். 15-க்குப் பதில் 13 என்று அடித்தால் தரவு போய்விடும், கட்டளை கேள்வி கேட்காது.

உரிமை எண்களும் இங்கே கடிக்கும். சேவைக் கணக்குகளின் எண்கள் 100 முதல் 999 வரையிலான வரம்பில், பேக்கேஜ் நிறுவும் வரிசையில் ஒதுக்கப்படுகின்றன. பழைய கணினியிலும் புதியதிலும் போஸ்ட்கிரெஸ் கணக்குக்கு ஒரே எண் அமையும் என்று நம்ப முடியாது. கோப்புகளை ஒன்றாகக் கட்டி விரிக்கும் டார் கருவியை ரூட்டாக (நிர்வாகியாக) இயக்கினால், அது உரிமையாளரைப் பெயரால் பொருத்தும். பெயர் இல்லாவிட்டால் எண்ணால் வைத்துவிடும். பேக்கேஜ் நிறுவுமுன் தரவை விரித்தால், அந்த எண் நாளை வேறொரு சேவைக்குப் போகலாம். எனவே முதலில் பேக்கேஜ், பிறகு தரவு.

மீட்கும் வரிசை

டெபியன் 12-ஐக் குறைந்தபட்சமாக நிறுவுங்கள். 'டிபிகேஜி --ஆட்-ஆர்க்கிடெக்சர் ஐ386' கொடுங்கள். களஞ்சியப் பட்டியலில் 'புக்வார்ம்' (டெபியன் 12-இன் பெயர்) என்று பெயர் மாற்றுவது மட்டும் போதாது. 12-இலிருந்து சாதன ஃபர்ம்வேர்கள் 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற தனிப் பகுதிக்குப் போய்விட்டன. பழைய வரியை நகலெடுத்தால் வைஃபை ஃபர்ம்வேர் கிடைக்காது. வெளியார் களஞ்சியம் புக்வார்முக்குப் பேக்கேஜ் தருகிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். பிறகு 'ஆப்ட் அப்டேட்'.

இப்போது பட்டியலைச் சலிக்க வேண்டும். சில நூறு பெயர்களில் ஒன்று இல்லாவிட்டாலும் ஆப்ட் மொத்தத்தையும் மறுத்துவிடும். 'ஆப்ட்-கேஷ் பிகேஜிநேம்ஸ்' கொண்டு சலிக்கச் சொல்வார்கள். அது மெய்நிகர்ப் பெயர்களையும் (தனிப் பேக்கேஜ் இல்லாமல், வேறு பேக்கேஜ்கள் ஏற்கும் பெயர்கள்) பட்டியலிடும். 'நெட்கேட்' இதற்கு நல்ல உதாரணம்: 11-இல் அந்தப் பெயரில் ஒரு பேக்கேஜ் இருந்தது, 12-இல் அது வெறும் மெய்நிகர்ப் பெயர். சல்லடையில் தங்கிவிட்டு, நிறுவும்போது 'நிறுவத்தக்க எதுவும் இல்லை' என்று விழும். 'ஆப்ட்-கேஷ் டம்ப்அவெய்ல்' வெளியீட்டில் 'பேக்கேஜ்' என்று தொடங்கும் வரிகளின் பெயர்களை மட்டும் எடுப்பதே நம்பகமான சல்லடை. இரு பட்டியல்களையும் 'எல்சி_ஆல்=சி' வைத்து வரிசைப்படுத்தி, 'காம் -12' கொடுத்தால் இரண்டிலும் உள்ளவை, 'காம் -23' கொடுத்தால் காணாமல் போனவை. ஐ386 என்ற பின்னொட்டு உள்ளவற்றைத் தனியே எடுத்துக் கையால் நிறுவுங்கள். பின்னொட்டோடு அவை பொருந்தாது.

நிறுவுவதற்கு முன் 'ஆப்ட்-கெட் -எஸ் இன்ஸ்டால்' மூலம் ஒத்திகை பாருங்கள். உண்மையில் நிறுவும்போது '--நோ-ரிமூவ்' சேர்த்தால், ஏதாவது ஒன்றை அகற்ற வேண்டிவந்தால் வேலை நின்றுவிடும். 'கிரப்-பிசி' கண்ணில் தப்பியிருந்தால் இங்கே பிடிபடும். பட்டியலைக் குழாய்வழி 'எக்ஸ்ஆர்க்ஸ்' கட்டளைக்குக் கொடுக்காதீர்கள்; ஆப்ட் கேட்கும் 'தொடரலாமா' என்ற கேள்விக்கு விசைப்பலகை கிடைக்காமல் கைவிட்டுவிடும். 'எக்ஸ்ஆர்க்ஸ் -ஏ' என்று கோப்பின் பெயரைக் கொடுங்கள். இப்படி நிறுவியவை 'கேட்டவை' என்றும், உடன் வந்தவை 'தானாக வந்தவை' என்றும் சரியாகவே பதிவாகும்.

காணாமல் போனவற்றின் பட்டியல் சிறியதாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் முடிவெடுங்கள். பைத்தான் 2 போன்றவை திரும்ப வரப்போவதில்லை. அதை நம்பிய நிரலைத்தான் மாற்ற வேண்டும்.

முன்யோசனை இல்லாமல் வட்டு மட்டும் மிஞ்சினால்

பழைய கணினி பூட் ஆகவில்லை, வட்டைப் படிக்க முடிகிறது என்றால், லைவ் யூஎஸ்பியிலிருந்து அதை ஏற்றி, 'சிரூட்' செய்து (அந்த வட்டையே மூல அடைவாகக் கொண்டு) 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்' இயக்குங்கள். அதுவும் முடியாவிட்டால் 'டிபிகேஜி --ரூட்' விருப்பத்தோடு முழுப் பட்டியலை எடுத்து, எக்ஸ்டெண்டட்_ஸ்டேட்ஸில் தானாக வந்தவை எனக் குறித்திருப்பதைக் கழிக்கலாம். '/வார்/லிப்' சிதைந்திருந்தாலும் '/வார்/பேக்கப்ஸ்' அடைவைப் பாருங்கள். டிபிகேஜியின் நிலைக்கோப்பும் ஆப்டின் குறிக்கோப்பும் அங்கே தானாகவே நகலாகிச் சுழற்சியில் நிற்கும்.

உபுண்டுக்காரர்களுக்கு 'ஆப்ட்-குளோன்' இருக்கிறது. பேக்கேஜ் பட்டியல், களஞ்சியங்கள், சாவிகள், தானாக-வந்தது குறிகள் அனைத்தையும் ஒரே டார் கோப்பில் கட்டும். பழைய யுபிக்விட்டி நிறுவியின் 'மீண்டும் நிறுவு' வசதிக்கு அடியில் இருந்ததும் இதுதான். நல்ல கருவி, ஆனால் மேலே சொன்ன தரவுத்தளம், கிரான், பைத்தான் எதையும் அது தொடாது.

சரிபார்த்தல்

'சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட்' வெறுமையாக இருக்க வேண்டும். 'டிபிகேஜி --ஆடிட்' எதுவும் சொல்லக் கூடாது. புதிய ஷோமேனுவல் பட்டியலைப் பழையதோடு ஒப்பிட்டு, மீதமுள்ள ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் காரணம் தெரிய வேண்டும். அதற்குப் பிறகும் பழைய வட்டை உடனே வேறு வேலைக்கு எடுக்காதீர்கள். டெபியனின் மாதாந்தர கிரான் வேலைகள், கணினி இரவு பகலாக ஓடினால், ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி காலை 6:52-க்கு ஓடுகின்றன. அந்த நேரம் ஒரு முறை கடந்து, மாத அறிக்கை வந்து சேரும்வரை பழைய வட்டு அலமாரியில் இருக்கட்டும்.